சந்துக்குச் சொந்தக்காரன்

அத்தியாயம் 7

வக்கீல் கிம்பல் சிரித்தார். அந்தச் சிரிப்பை அப்படியே பிடுங்கி, ஜன்னலைத் திறந்து, வெளியே கிடக்கும் பனிக்குவியலில் எறிந்தால் என்ன என்று நோரீன் ட்வோமிக்குத் தோன்றியது. ஜன்னல் உறைந்து ஒட்டிப் போயிருந்தது. அதுவும் அவள் ராசி.

"சொல்லக் கூடாதுங்க மிஸ் ட்வோமி. அதுக்குத்தானே டிரஸ்ட்னு ஒண்ணு வெச்சிருக்கோம். பத்திரத்துல என் பேர் இருக்கு. யாருக்காக நான் அதை வெச்சிருக்கேன்கிறது எனக்கும் அந்த ஆளுக்கும் நடுவுல உள்ள விஷயம்."

"ஒரு வண்டி நுழைஞ்சா மறு வண்டிக்கு இடமில்லாத சந்து. அதுக்கு இத்தனை ரகசியமா?"

"சந்துன்னாலும் சொத்துதானே."

நோரீனின் உதவியாளன் எவென்ஸ், கேட்காமலே எடுத்துக்கொண்ட மிட்டாயை வாயில் ஒதுக்கியபடி குறுக்கே புகுந்தான். "சார், பேரெல்லாம் வேண்டாம். அது மனுஷந்தானா, அதையாவது சொல்லுங்க. பூனைக்கு எழுதி வெச்ச சொத்தெல்லாம் நான் கேள்விப்பட்டிருக்கேன்."

"காசு குடுத்து வாங்கின மனுஷன் தம்பி. பூனை இல்ல." கிம்பல் அதே சிரிப்போடு எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. இந்தச் சின்னச் சின்ன வீட்டுக்கெல்லாம் நிர்ணயக் கூலி குடுக்கச் சொன்னா, ஊர்ல ஒருத்தனும் கூரை மாத்த மாட்டான். ஒழுகிக்கிட்டே கிடக்கும். அப்புறம் உங்க தொழிலாளிக்கு அந்தக் கூலியும் இல்ல, இந்தக் கூலியும் இல்ல."

அதில் கொஞ்சம் உண்மை இருந்ததுதான் நோரீனுக்கு எரிச்சலை இன்னும் கூட்டியது. அவளே நகரசபையில் பல வருஷம் கட்டட ஆய்வாளராக இருந்து, மேலதிகாரியோடு சண்டை போட்டு வெளியே வந்து துப்பறியும் தொழிலைத் தொடங்கியவள். ஒழுகும் கூரைகளை அவளைவிட அதிகம் பார்த்தவர் யாருமில்லை.

விவகாரம் இதுதான். டார்செஸ்டரில் டோபின் தெருவில் வரிசையாக மூன்று மரவீடுகள். ஒவ்வொன்றும் மூன்றடுக்கு, அடுக்குக்கு ஒரு குடித்தனம். மூன்றுக்கும் முதலாளி வெண்டல் ஸ்ப்ரேக். அவற்றைப் பழுதுபார்க்க அரசாங்கப் பணம் வாங்கியிருந்தார். அந்தப் பணத்தோடு ஒரு நிபந்தனையும் வரும். ஒரே சொத்தில் எட்டுக் குடித்தனமோ அதற்கு மேலோ இருந்தால், வேலை செய்கிறவர்களுக்கு அரசாங்கம் நிர்ணயித்த கூலியைக் கொடுத்தாக வேண்டும். எட்டுக்குக் குறைந்தால் முதலாளி இஷ்டம். அதே தச்சர், அதே சுத்தியல், அதே ஆணி. ஏழாவது குடித்தனத்தோடு நின்றால் ஒரு கூலி, எட்டாவது வந்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதை எழுதி வைத்த புண்ணியவான் ஒருநாளாவது சுத்தியல் பிடித்திருப்பானா என்பது நோரீனின் நெடுநாள் சந்தேகம்.

ஒட்டிக் கிடக்கும் மனைகள் ஒருவருக்கே சொந்தம் என்றால் அவை ஒரே சொத்து. அப்படிப் பார்த்தால் ஒன்பது குடித்தனம். ஸ்ப்ரேக் வசமாக மாட்டியிருக்க வேண்டும். ஆனால் மனிதர் ஒரு பத்திரத்தை எடுத்துக் காட்டினார். இரண்டாவது வீட்டுக்கும் மூன்றாவது வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது, அது என்னுடையதல்ல, யாரோ ஒரு டிரஸ்டுடையது என்றார். ஆக, சந்துக்கு இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் மூன்று. எட்டு எங்குமே இல்லை. அதிகாரிகளும் தலையாட்டிவிட்டார்கள்.

தலையாட்டாதவள் பூச்சுவேலை செய்யும் சுல்மிரா. கேப் வெர்டே தீவுக்காரி, வாய் கொஞ்சம் நீளம். புகார் கொடுத்த மறுநாளே ஸ்ப்ரேக் அவளை வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டார். நோரீனின் அலுவலகத்துக்கு அவள் தனியாக வரவில்லை. கூட வேலை செய்கிற நாலைந்து பேர், அவர்களில் மூத்தவரும் அவள் மகளுக்கு ஞானத்தகப்பனுமான தச்சர் அடெரிட்டோ, எல்லோரும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார்கள். பேசியதெல்லாம் சுல்மிராதான்.

"ஒன்பது வீட்டுக்குச் சுவர் பூசிக் குடுத்திருக்கேன். என் வீட்டு வாடகை பாக்கி. இந்த மாசக் கடைசிக்குள்ள கட்டலைன்னா நானும் என் பொண்ணும் தெருவுல நிக்கணும். எங்களுக்கு வரவேண்டிய கூலி வந்தா கட்டிடுவேன். அந்தச் சந்துக்காரத் திருடன் யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க, போதும்."

விசாரணை நாளைக் காலை. சந்துக்காரன் ஸ்ப்ரேக்கின் பினாமி என்று காட்டினால் சந்து கரைந்துவிடும், ஒன்பதும் ஒன்றாகிவிடும். காட்ட முடியாவிட்டால் புகாரை மூடிவிடுவார்கள். நோரீன் பதிவாளர் கவுண்டருக்குப் போனாள், அங்கே வரி கவுண்டரைக் கைகாட்டினார்கள். வரி கவுண்டரில் வீட்டுவசதி கவுண்டரைக் கைகாட்டினார்கள். வீட்டுவசதியில் இருந்த பெண் மிகவும் பணிவாக, "பதிவாளர்கிட்ட கேட்டீங்களா?" என்றாள். கடைசிக் கதவு கிம்பல். அதுவும் இப்போது முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

காரில் ஏறியதும் எவென்ஸ் பொட்டலத்தைப் பிரித்தான். அவன் ஹைத்திக்காரன். எந்தத் துக்கத்துக்கும் கறி அடைத்த பஃப்ஸ்தான் மருந்து என்று நம்புகிறவன்.

"ஒண்ணு சாப்பிடுங்க மேடம். உங்க மூஞ்சியைப் பார்த்தா பனியே பயந்து உருகிடும் போல இருக்கு."

"வேண்டாம்."

"அப்ப உங்களோடதையும் நானே சாப்பிடறேன். கேஸ் தோத்தாலும் வயிறு ஜெயிக்கட்டும்."

ராத்திரி பூராவும் கொட்டிய பனி விடிந்ததும்தான் நின்றிருந்தது. தெருவில் ஆளாளுக்கு ஷவலும் கையுமாக வீட்டு வாசலை வாரிக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு பெரியவர் முக்கி முனகி வாரிக்கொண்டே வந்தார். வந்தவர் ஒரு இடத்தில் டக்கென்று நின்றார். ஷவலை ஊன்றி இடுப்பைத் தேய்த்துவிட்டு, திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். அவர் நிறுத்திய இடத்துக்கு அப்பால் பனி இடுப்பளவு நின்றது.

"எவென்ஸ், அந்த ஆளு ஏன் அங்க நிறுத்திட்டாரு?"

"அதுக்கு மேல பக்கத்து வீட்டுக்காரன் இடம். வாரினா முதுகுவலி இவருக்கு, சொகம் அவனுக்கா? இந்த ஊர்ல சர்வேயரே வேண்டாம் மேடம். பனி பெய்ஞ்ச மறுநாள் வந்து பார்த்தா எவன் எல்லை எதுன்னு அங்குலக் கணக்கா தெரியும்."

நோரீன் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அந்தச் சந்தை யார் வாருவா?"

எவென்ஸ் மெல்லுவதை நிறுத்தினான். பஃப்ஸை மடியில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

டோபின் தெருவில் ஸ்ப்ரேக்கின் மூன்று வீடுகளுக்கு முன்னால் நடைபாதையில் பனி தள்ளும் மெஷின் வைத்து இழுத்திருந்தார்கள். ஏனோதானோவென்ற வேலை, கீழே ஒரு படை ஐஸ் அப்படியே கிடந்தது. மெஷின் இரண்டாவது வீட்டின் முடிவில் நின்று, சந்தைத் தாண்டி, மூன்றாவது வீட்டில் மறுபடி தொடங்கியிருந்தது. நடுவில் அதைத் தூக்கிக்கொண்டே போயிருக்க வேண்டும்.

சந்து மட்டும் வேறு கையின் வேலை. கருப்புத் தார் தெரிகிற அளவுக்கு வழித்து, இரண்டு ஓரமும் கத்தி வைத்து நறுக்கியதுபோல் நேராக நின்றது. உப்பும் தூவியிருந்தது. நட்டநடுவில் ஒரு சமையலறை நாற்காலி.

எவென்ஸ் வண்டிக்குள்ளேயே பின்னுக்குச் சாய்ந்தான். துப்பறிய வருவதற்கு முன் தெருத்தெருவாக வண்டிகளுக்கு அபராதச் சீட்டு ஒட்டியவன் அவன்.

"மேடம், நாற்காலி. தெரியும்ல? பனியை வாரினவன் நாற்காலி போட்டா அது அவன் இடம். நாய் கடிச்சிருக்கு, கிழவிங்க குடையால அடிச்சிருக்காங்க, அதையெல்லாம் தாங்கியிருக்கேன். ஆனா நாற்காலியை மட்டும் தொட்டதில்ல. தொட்டவனோட வண்டியைப் பார்த்திருக்கேன்."

நோரீன் இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தாள். பழைய நாற்காலி. உடைந்த இருக்கையை மாற்றி நான்கு பித்தளைத் திருகாணி போட்டிருந்தார்கள். நான்கின் தலையிலும் கோடு ஒரே திசையில் நின்றது.

"இதைப் பாரு. யாரும் பார்க்காத எடத்துல கூட ஸ்க்ரூ தலையை வரிசையா நிறுத்தியிருக்கான். தெருவுல போடற நாற்காலிக்கு."

"ஸ்ப்ரேக்கோட ஆளா இருக்காதே. அவங்க ஸ்க்ரூவையே ஆணின்னு நினைச்சு சுத்தியலால அடிக்கிற ஜாதி."

"அதான் எனக்கும் பிடிக்கல." உண்மையிலேயே பிடிக்கவில்லை. வேலை தெரிந்த கை ஒன்று இந்தக் கதைக்குள் எங்கே வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. "சரி. நாற்காலியை எடுத்து ஓரமா வை. வண்டியை உள்ள விடு."

"மேடம்."

"பதிவாளர் சொல்லல, வக்கீல் சொல்லல. சொந்தக்காரனே வந்து சொல்லட்டும்."

"எங்கம்மா என்னைப் பெத்தது இதுக்கில்ல மேடம்." எவென்ஸ் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, சவப்பெட்டியைத் தூக்குகிற மரியாதையோடு நாற்காலியைத் தூக்கினான். "அப்புறம், இது உங்க வண்டி. என் வண்டி இல்ல. அது ஞாபகம் இருக்கட்டும்."

எதிரில் காசு போட்டுத் துணி துவைக்கும் கடை ஒன்று இருந்தது. இருவரும் அதன் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். நோரீன் சுல்மிராவுக்கு போன் செய்து, சந்துக்காரன் இன்றைக்கு நிச்சயம் தலைகாட்டுவான், பார்த்து அடையாளம் சொல்ல நீ உடனே வா என்றாள். பஸ் பனியில் நத்தையாய் ஊர்வதாகவும் எப்படியும் வந்துவிடுவதாகவும் சுல்மிரா சொன்னாள்.

கடையைப் பார்த்துக்கொள்ளும் பெண் துணி மடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அந்தக் கார் உங்களோடதா?"

"ஆமா."

"இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

முதலில் வந்தது ஸ்ப்ரேக்கின் மேஸ்திரி மெக்ரில். அவன் சந்து வாசலில் நின்றான், காரைப் பார்த்தான், இப்போது கத்துவான் என்று நோரீன் எழுந்தாள். அவன் கத்தவில்லை. செல்போனை எடுத்து ஒரு படம் பிடித்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நடந்தான். அவள் விடாமல் ரோட்டைத் தாண்டிப் போய் மறித்தாள்.

"அது உங்க முதலாளியோட இடந்தானே?"

"எங்க இடமா இருந்தா மெஷினை ஏம்மா தூக்கிட்டுப் போறேன்? அந்தச் சந்துல கால்கூட வைக்காதேன்னு முதலாளி கண்டிஷனா சொல்லியிருக்காரு. ஒரு பலகை சாய்ச்சு வெச்சாக்கூடச் சத்தம் போடுவாரு." காரை மறுபடி ஒருமுறை பார்த்தான். "உங்களோடதா? பாவம்."

நோரீன் திரும்பி வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். இதைவிட நல்ல சாட்சி ஸ்ப்ரேக்குக்குக் கிடைக்காது. சொந்த மேஸ்திரியையே மிதிக்க விடாத சந்து. பினாமி என்று சொன்னால் விசாரணையில் சிரிப்பார்கள். இந்த மூன்று நாளாக அவள் தட்டிய ஒவ்வொரு கதவும் திறந்து, உள்ளே இன்னொரு கதவைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. போதும் போதும் என்றிருந்தது. கையிலிருந்த காபி எப்போதோ ஆறிப்போயிருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான் எவென்ஸ். "தன்னோடது இல்லாத சந்துல பலகை சாஞ்சா அந்தாளுக்கு என்ன?"

"அக்கம்பக்கத்து மரியாதைன்னு கிம்பல் சொல்லுவாரு."

"வெண்டல் ஸ்ப்ரேக்குக்கு மரியாதையா? ஒழுகற வீட்டுக்கு வாளிக்கும் சேர்த்து வாடகை கேக்கற ஆளு."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது ஒரு பிக்கப் வண்டி மெல்ல வந்து சந்தின் முன் நின்றது. பின்னால் புதிதாய் வாங்கிய மரச்சட்டங்கள். ஓட்டியவர் இறங்கினார். தொப்பி, கழுத்துவரை சால்வை, கோட்டுக் காலர் தூக்கி நின்றது, முகம் தெரியவில்லை. ஓரத்தில் கிடந்த தன் நாற்காலியைப் பார்த்தார். காரைப் பார்த்தார். ஹாரன் அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. வண்டியின் பின்னாலிருந்து ஷவலை எடுத்து, பக்கத்துக் குவியலிலிருந்து பனியை அள்ளி, நோரீனின் காரின் மேல் நிதானமாகக் கொட்டத் தொடங்கினார்.

"ஆரம்பிச்சாச்சு," என்றான் எவென்ஸ். "கண்ணாடியை உடைக்கல பாருங்க. நல்ல குடும்பத்து மனுஷன்."

மனிதர் காரைப் புதைப்பதைக்கூட ஒழுங்காகச் செய்தார். முன் கண்ணாடி, பிறகு இரண்டு கதவு, பிறகு சக்கரங்கள். ஒவ்வொன்றாய்த் தட்டிச் சமன் செய்துவிட்டு அடுத்ததற்குப் போனார். நோரீன் வழுக்கி வழுக்கி ரோட்டைக் கடந்தாள்.

"போதும் நிறுத்துங்க. அது என் வண்டி."

அவர் திரும்பினார். சால்வை நழுவியது. தச்சர் அடெரிட்டோ.

நோரீன் ஒரு விநாடி, இவர் வேலைக்கு வந்த இடத்தில் யாருக்கோ உதவி செய்கிறார் என்று நம்பப் பார்த்தாள். அவர் முகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"உங்க வண்டின்னு தெரியாதுங்க," என்றார் அடெரிட்டோ. உடனே கையுறையால் முன் கண்ணாடிப் பனியைத் துடைக்க ஆரம்பித்தார். "மன்னிச்சுக்குங்க. யாரோ வெளியாள்னு நினைச்சேன்."

"இந்த இடம் யாரோடது அடெரிட்டோ?"

"வேலைக்காரங்க நிறுத்தற இடம்."

"மேஸ்திரி கால் வைக்கவே பயப்படறான்," என்றான் எவென்ஸ். "நீங்க என்னடான்னா உப்பு தூவி, ஓரம் நறுக்கி, நாற்காலி போட்டு வெச்சிருக்கீங்க. வேலைக்காரங்க நிறுத்தற இடமா இது? பொண்ணு பார்க்க வர்ற இடம் மாதிரி இருக்கு."

அடெரிட்டோ துடைப்பதை நிறுத்தினார். நோரீனுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மூன்று நாளில் இந்தத் தெருவுக்கு வந்தபோதெல்லாம் இந்த பிக்கப்பை இங்கே பார்த்திருக்கிறாள். வேலை நடக்கிற இடத்து வாசலில் வேலைக்காரர் வண்டி. ஏன் நிற்கிறது என்று யார் கேட்பார்கள்? அவளும் கேட்கவில்லை. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாய் வந்தது.

"எப்ப வாங்கினீங்க?"

"வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி." அவர் குரல் கீழே போனது. "நான் அடுத்த தெருவுலதாங்க இருக்கேன். வண்டியை நிறுத்த இடமில்லாம தினம் சாயங்காலம் சுத்திச் சுத்தி வருவேன். ரெண்டு தடவை இழுத்துட்டுப் போயிட்டாங்க, உள்ள இருந்த சாமானோட. மிஸ்டர் ஸ்ப்ரேக்தான் கூப்பிட்டாரு. நீ நல்ல வேலைக்காரன், இந்தச் சந்து எனக்கு உபயோகமில்ல, நீ எடுத்துக்கன்னாரு. வக்கீல் பேப்பர் நீட்டினாரு, போட்டேன். மத்தவங்க கேட்டா எல்லாரும் எனக்கு எனக்குன்னு வருவாங்க, வாயைத் திறக்காதேன்னாரு. அது நியாயமாத்தான் பட்டுச்சு."

"அது எதுக்குன்னு எப்பத் தெரிஞ்சது?"

"உங்க ஆபீஸ்லதான். சுல்மிரா மேப்பை விரிச்சு, இந்தத் திருட்டுச் சந்துதான்னு விரலை வெச்சா. அந்த விரலுக்குக் கீழ என் வண்டி நின்னுக்கிட்டிருந்துச்சு." அவர் ஷவலைப் பனியில் ஊன்றினார். "அங்கயே சொல்லியிருக்கணும். எல்லாரும் அந்த ஆளைத் திட்டிக்கிட்டிருந்தாங்க. நானும் சேர்ந்து திட்டினேன்."

நோரீனுக்கு ஸ்ப்ரேக்கின் மூளை இப்போது முழுசாய்த் தெரிந்தது. வெளியாளுக்கு விற்றால் அவன் நாளைக்கு உளறுவான், இல்லை விலை ஏற்றுவான். வேலைக்காரனுக்கே விற்றால் அவன் செத்தாலும் வாய் திறக்க மாட்டான். தன் கூலியைத் தானே வெட்டிக்கொண்டேன் என்று எந்த மனிதன் போய்ச் சொல்லுவான்?

"நாளைக்கு விசாரணைக்கு வந்து இதை அப்படியே சொல்லணும்," என்றாள்.

"இடம் போயிடுங்களே."

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. "உங்களுக்கு வர வேண்டிய கூலியில இதைப் போல நாலு இடம் வாடகைக்கு எடுக்கலாம்."

"வாடகை வேற. இது என்னோடது. இந்த ஊர்ல இத்தனை வருஷத்துல என் பேர்ல இருக்கிற ஒரே இடம் இதுதாங்க."

"உங்க பேர்ல எங்க இருக்கு? கிம்பல் பேர்ல இருக்கு. போகட்டும், கையெழுத்துப் போட்டப்ப வேற ஏதாவது சொன்னாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அடெரிட்டோ யோசித்தார். "வேலையெல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு ஆள் குடி வந்ததும், ஆபீசுக்கு வந்து இன்னொரு கையெழுத்து போட்டுட்டுப் போன்னு வக்கீல் சொன்னாரு. சும்மா ஒரு சடங்குதான்னாரு."

நோரீன் கண்ணை மூடித் திறந்தாள். மூன்று நாளாய் எந்த கவுண்டரிலும் கிடைக்காதது பனியில் நின்றபடி கிடைத்தது. ஆனாலும் சந்தோஷம் வரவில்லை.

"அந்தக் கையெழுத்துல சந்து திரும்ப ஸ்ப்ரேக்குக்குப் போயிடும் அடெரிட்டோ. நீங்க எதையும் வாங்கல. வேலை முடியற வரைக்கும் ரெண்டு வீட்டுக்கு நடுவுல உங்களை வேலிக்கம்பா நட்டு வெச்சிருக்கான். முடிஞ்சதும் பிடுங்கிப் போட்டுடுவான்."

அடெரிட்டோ, தான் வழித்துச் சுத்தமாக்கிய தாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஒவ்வொரு தடவை பனி பெய்ஞ்சப்பவும் மொதல்ல வந்து வாரினது நான்தான்," என்றார்.

"நாளைக்கு வர்றேன்," என்றார் கடைசியில். "எல்லாத்தையும் சொல்றேன். ஆனா சுல்மிராகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால அவ மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவ பொண்ணுக்கு நான் ஞானத்தகப்பன்."

"நான் சொல்ல மாட்டேன்."

"மேடம்," என்றான் எவென்ஸ் மெதுவாக.

தெருமுனையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, சிவப்புத் தொப்பி ஒன்று பனியில் விழுந்து எழுந்து ஓடிவந்துகொண்டிருந்தது. சுல்மிரா. மூச்சு வாங்க வந்து நின்றவள் முதலில் அடெரிட்டோவைத்தான் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணே, நீங்களும் வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு." ஷவலையும் பாதி புதைந்த காரையும் பார்த்தாள். "அந்தத் திருடனோட காரா இது? நல்லா போடுங்க. ஆளு எங்க மேடம்? ஓடிட்டானா?"

எவென்ஸ் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"ஆளு எங்கங்கறேன்?"

அடெரிட்டோ தொப்பியைக் கழற்றினார். அந்தக் குளிரில் அது தேவையே இல்லை.

"நான்தாம்மா," என்றார்.

சுல்மிரா சிரித்தாள். சிரித்துக்கொண்டே நோரீனைப் பார்த்தாள். நோரீன் ஆமென்று தலையை ஆட்டினாள். சிரிப்பு நின்றது. அவள் சந்தைப் பார்த்தாள், ஓரத்தில் கிடந்த நாற்காலியைப் பார்த்தாள், ரோட்டில் நின்ற பிக்கப்பைப் பார்த்தாள். இந்த வண்டி இங்கே நிற்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே உள்ளே வேலைக்குப் போனவள் அவள்.

"எவ்வளவு குடுத்தான் உங்களுக்கு?"

"அவன் குடுக்கல."

"பின்ன?"

"நான்தான் குடுத்தேன். ஒரு டாலர்."

திட்டுவாள், அடிப்பாள் என்று நோரீன் எதிர்பார்த்தாள். அடித்தால் தடுக்கக் கூடாது என்றுகூட நினைத்தாள். சுல்மிரா எதுவும் செய்யவில்லை. கண்ணில் வந்ததைக் கையுறையின் முதுகால் துடைத்தாள்.

"நாளைக்குக் காலையில என்கூட பஸ்ல வர்றீங்க," என்றாள். "எனக்குப் பக்கத்துல உக்காருறீங்க. அங்க வந்து இதையே சொல்றீங்க, அந்த ஒரு டாலரையும் சேர்த்து."

"சரிம்மா."

"வண்டி இங்கயே நிக்கட்டும். கடைசியா ஒரு நாள் நிறுத்திக்குங்க."